வேடிக்கை பெஞ்சு

"கண்ணைத் திறங்கக்கா. கண்ணை மூடிட்டுத் தொட்டா ஆட்டத்துலயே சேராது."

"நீ சும்மா இரு ஜூஸு. கண்ணை மூடினாத்தான் எனக்கு தைரியமே வருது."

"இது நூடுல்ஸ்க்கா!"

"நூடுல்ஸ்தான். ஆனா நெளியுதே?"

"உங்க கை நடுங்குது, அதான் நெளியுது."

இருங்க இருங்க, விவரமா சொல்லிடறேன். தட்டுல வேகவச்ச நூடுல்ஸ், உப்பு காரம் எதுவும் கிடையாது, சாப்பிடறதுக்கும் இல்ல. அதை ரெண்டு விரலால தூக்கி இன்னொரு தட்டுல வைக்கப் பழகிட்டிருந்தாங்க அக்கா. யாரு அக்கா? எங்க தெருமுனை எலிமெண்டரி ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் டீச்சர். மண்புழுவை வச்சு பாடம் நடத்துற டீச்சர்னு இந்தப் பக்கமெல்லாம் பேரு. புழுவை வச்சே அறிவியல், புழுவை வச்சே கணக்கு, ஒரு தடவை புழுவை வச்சு கட்டுரை கூட எழுத வச்சாங்க. அப்படிப்பட்டவங்க மண்புழுவை இன்னிக்கு வரைக்கும் தொட்டதே இல்ல. சத்தியமா. ஒரு தடவை கூட இல்ல.

இது தெரிஞ்சது மொத்தம் மூணு பேருக்கு. அக்கா, அக்காவோட வீட்டுக்காரர், நான். அப்படித்தான் நாங்க நினைச்சிட்டிருந்தோம்.

நான் ஸ்கூலுக்கு எதிர்ல ஜூஸ் கடைல வேலை பாக்கறேன், அதான் பேரே ஜூஸு ஆயிடுச்சு. அவங்க வீட்டு மாடில ஒரு ரூம், அதுதான் எனக்கு. கீழ முன்னாடி மாமாவோட சலூன், பின்னாடி வீடு. மாமான்னா அக்கா வீட்டுக்காரர். சின்னப் பசங்களுக்கு முடி வெட்டறதுல இவரை அடிச்சுக்க ஆளே இல்ல. நாற்காலி கைப்பிடி மேல ஒரு பலகை போட்டு, புள்ளைய அதுல உக்கார வச்சு, கழுத்தைச் சுத்தித் துணி கட்டினார்னா எவ்வளவு அழுது அடம் பிடிக்கிற புள்ளையும் அஞ்சு நிமிஷத்துல சிலை. எப்படி மாமான்னு கேட்டா "தொழில் ரகசியம்"னு கண்ணடிப்பார். அந்த ரகசியம்தான் பின்னாடி எல்லாரையும் போட்டுத் தாக்குச்சு. வரேன் அதுக்கு.

புழு எப்படி வந்துச்சுன்னா, ஒரு நாள் அக்கா புத்தகத்துல மண்புழு படத்தைக் காட்டி, உழவனின் நண்பன், மண்ணை வளமாக்கும், அது இதுன்னு வாசிச்சிட்டிருந்தாங்களாம். ஒரு பையன் எந்திரிச்சு, "டீச்சர், இது எந்தப் பக்கம் போயிட்டிருக்கு?"ன்னு கேட்டுட்டான். இவனுக்கு ஸ்கூல்ல பேரே சந்தேகம். அக்கா படத்தை இப்படித் திருப்பிப் பார்த்திருக்காங்க, அப்படித் திருப்பிப் பார்த்திருக்காங்க. தெரியல. எது தலை எது வாலுன்னே தெரியல. வீட்டுக்கு வந்து சாப்பிடல.

"ஒண்ணாங்கிளாஸ்லேருந்து நானும் படிச்சேன், பன்னெண்டு வருஷமா சொல்லியும் குடுக்கறேன், தலை எதுன்னு தெரியலையேங்க"ன்னு புலம்பினாங்களாம்.

மாமா மறுநாளே சலூன்ல உடைஞ்சு கிடந்த பெரிய மர ட்ராயரைத் தூக்கிட்டு வந்து, அடில ஓட்டை போட்டு, நியூஸ் பேப்பரைக் கிழிச்சு நனைச்சுப் போட்டு, மண்ணு போட்டு, எங்கேருந்தோ புழு புடிச்சிட்டு வந்து விட்டுட்டார். துணி துவைக்கிற இடத்துல ஈரச் சாக்கு மூடி அந்த ட்ராயர் இருக்கும், அதுதான் எங்க புழுப் பெட்டி. தினமும் நான் கடைலேருந்து தர்பூசணித் தோலு, வாழைப்பழத் தோலு கொண்டு போய்ப் போடுவேன். ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சையும் போடக்கூடாது, புளிப்பு அதுங்களுக்கு ஆகாது. நான் ஒரு தடவை போட்டுட்டு மாமாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஏற்பாடு என்னன்னா, பாடம் இருக்கிற அன்னிக்குக் காலைல மாமா சலூன் திறக்கறதுக்கு முன்னாடி உக்காந்து, கையை நனைச்சு, புழுவைப் பொறுக்கி, மூடி போட்ட தயிர் டப்பாங்கள்ல ஈரப் பேப்பர் வச்சு அடைச்சுக் குடுத்துடுவார். "ஆடற தலையையே புடிச்சு வெட்டறவன், எனக்கு இதெல்லாம் ஒரு நெளிசலா"ம்பார். அக்கா டப்பாவைப் பையில போட்டு எடுத்துட்டுப் போவாங்க. கிளாஸ்ல டேபிளுக்கு ஒரு டப்பா. மீதி எல்லாம் பசங்க கை. அக்கா கையைக் கட்டிட்டு சுத்தி சுத்தி வந்து கேள்வி கேப்பாங்க.

நான் ரெண்டு மூணு தடவை பின்னாடி உக்காந்து பார்த்திருக்கேன், செமயா இருக்கும். ஈரப் பேப்பர் ஒரு பக்கம், காஞ்ச பேப்பர் ஒரு பக்கம், நடுவுல புழு, எங்க போகுது பாரு. டார்ச் அடி, என்ன பண்ணுது பாரு. டார்ச்சுல சிவப்பு ஜெலட்டின் பேப்பர் ஒட்டி அடி, இப்ப என்ன பண்ணுது? கண்டுக்கவே கண்டுக்காது! உடம்புல மோதிரம் போட்ட மாதிரி ஒரு பட்டை இருக்கும், அதுக்குக் கிட்ட இருக்கிற முனைதான் தலைன்னு பசங்களே கண்டுபுடிச்சாங்க. ஜன்னல் ஓரம் பக்கெட்டும் மக்கும் இருக்கும். புழுவைத் தொடறதுக்கு முன்னாடி கையை நனைக்கணும். அது தோலால மூச்சு விடுது, நம்ம காஞ்ச கை பட்டா அதுக்கு எரியும். இது சட்டம். யாருக்கும் விலக்கு கிடையாது.

இன்னொரு சட்டம் வேடிக்கை பெஞ்சு. எந்தப் புள்ளைக்குப் பயமா இருக்கோ அது போய் அந்த பெஞ்சுல உக்காரலாம். யாரும் சிரிக்கக் கூடாது, வா வான்னு கையைப் புடிச்சு இழுக்கக் கூடாது. ஆனா சும்மாவும் உக்கார முடியாது, அங்க ஒரு வேலை இருக்கு. விறைப்பான பேப்பரை ரெண்டு கையால புடிச்சுக்கணும். இன்னொரு புள்ள அதுல புழுவை விடும். பெஞ்சுல இருக்கிற புள்ள காதைப் பேப்பருக்கு அடில வச்சுக் கேட்டு, என்ன சத்தம் வருதுன்னு கிளாசுக்குச் சொல்லணும்.

"புழுவுக்கு சத்தமா?"ன்னு நான் கேட்டேன்.

"உடம்புல சின்னச் சின்ன முள்ளு மாதிரி முடி இருக்காம் ஜூஸு. பேப்பர்ல போகும்போது உரசுமாம். பசங்க சொல்றாங்க."

"நீங்க கேட்டதில்லையா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "காதுகிட்ட புழுவை வச்சுக்கச் சொல்றியா என்னை?"

அந்த வகுப்புல எல்லாரும் ஆச்சரியப்படற விஷயம் ஒண்ணு உண்டு. டீச்சர் டப்பாவைத் தொறக்கக் கையை நீட்டறதுக்குள்ள பத்துப் பதினஞ்சு கை உள்ள இருக்கும். நான் டீச்சர் நான் டீச்சர்னு மோதிக்கும். மத்த கிளாஸ்ல கேள்வி கேட்டாலே பசங்க டெஸ்க்குக்குக் கீழ பென்சில் தேடும், இங்க கேக்கறதுக்கு முன்னாடியே கை நீளுது. அக்காவுக்கு அதுல பெருமைன்னா பெருமை. "என் பசங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது"ம்பாங்க. தனக்கு இருக்கிற பயம் ஒண்ணு கூட பசங்ககிட்ட ஒட்டலைங்கறதுதான் அவங்க சம்பாத்தியமே.

சரி, இப்ப பிரச்சினைக்கு வரேன்.

ஒரு அம்மா போய் எஜுகேஷன் ஆபீஸ்ல புகார் குடுத்துட்டாங்க. புள்ள சட்டைப் பாக்கெட்ல புழு இருந்துச்சாம், துணி ஊற வச்ச பக்கெட்ல மிதந்துச்சாம். ஸ்கூலா புழுப் பண்ணையான்னு கேட்டாங்களாம். ஆபீசர் மேடம் போன் பண்ணி, நேர்ல வந்து பாக்கறேன், நல்லா இருந்தா மத்த ஸ்கூல்லயும் வைக்கலாம், இல்லன்னா அந்தப் பெட்டியை அன்னிக்கே எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. அதோட விட்டாங்களா? "மத்த ஸ்கூல் டீச்சர்ஸையும் கூட்டிட்டு வரேன். டப்பால எல்லாம் வேண்டாம், முழுப் பெட்டியையும் கிளாசுக்குக் கொண்டு வாங்க. மண்ணைக் கிளறி, புழுவுக்கு அடிபடாம எப்படி எடுக்கறதுன்னு நீங்களே உங்க கையால செஞ்சு காட்டுங்க"ன்னுட்டாங்க.

உங்க கையால!

இதுக்கு நடுவுல மழை வேற. ஒரு வாரமா விடாத மழை, தெருவெல்லாம் சேறு, எங்க ஜூஸ் கடைல ஈ காக்கா இல்ல. மாமா சலூன் வாசப்படில சோப்புத் தண்ணியும் மழைத் தண்ணியும் சேர்ந்து வழுக்கி விட்டுடுச்சு. வலது மணிக்கட்டு உடைஞ்சு, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கத்தரி புடிக்க முடியாது, சலூனுக்குப் பூட்டு.

அதனாலதான் அந்த நூடுல்ஸ். மாமா ஐடியா. முதல்ல நனைஞ்ச ஷூ லேஸ், அடுத்து நூடுல்ஸ், அப்புறம் நிஜம். ஷூ லேஸ்ல அக்கா பாஸ். நூடுல்ஸ்ல கண்ணை மூடிட்டு பாஸ். மூணாவதா நான் ஒரு புழுவைத் தட்டுல வச்சு நீட்டினேன். சின்னது, ரொம்ப சாது. அக்கா கையை நனைச்சாங்க. மூச்சை இழுத்துப் புடிச்சாங்க. விரல் கிட்டப் போச்சு, இன்னும் கிட்டப் போச்சு, புழு லேசா முனையைத் தூக்கிச்சு பாருங்க, அக்கா அடுப்படிலேருந்து ஹாலுக்குப் போயிட்டாங்க. நடந்து போன மாதிரியே தெரியல.

"முடியலங்க. மனசு சரின்னு சொல்லுது, கை கேக்க மாட்டேங்குது."

மாமா முட்டை உரிச்சிட்டிருந்தார், இடது கையால. பாதி முட்டை ஓட்டோட போயிட்டிருந்துச்சு. "பசங்ககிட்ட சொல்லிடும்மா. எனக்குப் பயம்டா கண்ணுங்களான்னு. ஒண்ணும் ஆகாது."

"என்ன பேசறீங்க? தினமும் பயப்படாதே பயப்படாதேன்னு சொல்றவ நான். எனக்கே பயம்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் எவன் நம்புவான்?"

"நம்புவாங்க."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

மாமா முட்டையை ரொம்ப கவனமாப் பாத்தார். "சும்மா... ஒரு இதுல சொன்னேன்."

"இது மட்டும் ஒரு புள்ளைக்குத் தெரிஞ்சுதுன்னு வைங்க, நான் வேலையை விட்டுட்டு உங்க சலூன்ல வந்து முடி பெருக்குவேன்."

"பெருக்கறதுக்கு ஆள் தேவைதான் டீச்சரம்மா, கை இப்படி ஆயிடுச்சு."

"சிரிக்காதீங்க!"

மாமா சிரிக்கல. அதை நான் கவனிச்சேன். எப்பவும் அக்காவைச் சீண்டினா அவரே முதல்ல சிரிப்பார். அன்னிக்கு முட்டையை வாய்ல போட்டுட்டு ரொம்ப நேரம் மென்னுட்டே இருந்தார்.

மறுநாள் கடைல மழையைப் பாத்துட்டு நிக்கறேன், அக்கா கிளாஸ் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. குட்டை முடி, காது வரைக்கும்தான் இருக்கும், மாமா வெட்டினதுதான். என்னைக் குனியச் சொல்லி காதுல, "ஜூஸ் அக்கா, ஆபீசர் வர அன்னிக்கு நான் முதல் பெஞ்சுல உக்காரணும். டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. ஏன்னு கேக்காதீங்க"ன்னுச்சு.

அது போய் கொஞ்ச நேரத்துல கண்ணாடி போட்ட ஒரு பையன். அவனுக்கும் முதல் பெஞ்சு வேணுமாம். அவனும் ஏன்னு கேக்காதீங்கன்னான். சாயந்தரம் சந்தேகம் வந்தான். குடை இருக்கு, விரிக்காம அக்குள்ல வச்சிருக்கான், நனைஞ்சு சொட்டறான்.

"நான் பெட்டிக்குப் பக்கத்துல நிக்கணும்க்கா. நிக்கலாமா? ஆபீசர் திட்டுவாங்களா? திட்டினா என்ன பண்ணுவாங்க?"

"உனக்கு எதுக்குடா பெட்டிகிட்ட நிக்கணும்?"

வாழ்க்கைல முதல் தடவையா சந்தேகம் ஒரு கேள்விக்கு பதில் சொல்லாம ஓடிட்டான்.

நான் என்ன நினைச்சேன்? அடடா, எவ்வளவு ஆர்வம் பசங்களுக்குன்னு நினைச்சேன். அக்காகிட்டயும் அப்படியே போய்ச் சொன்னேன். அக்கா முகத்துல அந்த வாரத்துல முதல் தடவையா ஒரு தெம்பு. "பாத்தியா? என் பசங்க இருக்கும்போது எனக்கென்ன. பெட்டியைத் தொறந்த உடனே அவங்களே கையை விட்டுடுவாங்க, நான் அப்படியே நழுவிடுவேன்."

அந்த நாளும் வந்துச்சு. காலைலேருந்து இருட்டிட்டு மழை. நானும் மாமாவும் பெட்டியைத் தூக்கிட்டுப் போனோம், அவருக்கு ஒரு கை, எனக்கு ரெண்டு கை. மேல ஈரச் சாக்கு, சாக்குக்கு மேல என்னோட ரெயின்கோட். புழு நனையலாம், ஆனா முங்கக் கூடாது. கிளாஸ்ல டியூப் லைட் ரெண்டுல ஒண்ணு சிமிட்டிட்டே இருந்துச்சு. சுவத்து ஓரமா ஆபீசர் மேடம், அவங்க பக்கத்துல நாற்காலி போட்டு மத்த ஸ்கூல் டீச்சர்ங்க. அதுல ஒருத்தர் நல்ல ஆஜானுபாகு, மீசை மட்டுமே ஒரு ஆள் வெயிட் இருக்கும். நானும் மாமாவும் கதவுகிட்டயே நின்னுட்டோம்.

அக்கா பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, சும்மா கணீர்னு. புழுவுக்குக் கண்ணு உண்டா, காது உண்டா, அப்ப வெளிச்சம் எப்படித் தெரியுது, கேள்வி மேல கேள்வி. பசங்க பதில் மேல பதில். ஆபீசர் மேடம் தலையாட்டினாங்க. நான் மாமாவை இடிச்சேன், மாமா என்னை இடிச்சார், மாவுக்கட்டால, வலிச்சுது.

"சரி, இப்ப பெட்டியைத் தொறக்கலாம். அதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?"

"கையை நனைக்கணும் டீச்சர்!"

அக்கா ஜன்னல்கிட்ட போனாங்க. மக்கை எடுத்து ரெண்டு கையையும் நனைச்சு உதறிட்டுத் திரும்பினாங்க.

  எல்லாப் புள்ளையும் அக்காவோட கையையே பாக்குது. ஈரக் கை. விரல் நுனிலேருந்து தண்ணி சொட்டுது. அந்தக் கையை ஈரமா அவங்க பாத்ததே இல்ல. எனக்கு அப்பதான் யோசனை வந்துச்சு, ஏன் இப்படிப் பாக்கறாங்கன்னு.

அக்கா சாக்கை விலக்கினாங்க. மண்ணு மேல நல்ல கனமான புழு ஒண்ணு, பளபளன்னு. அக்கா கையை நீட்டல, நீட்டற மாதிரி தோளை லேசா அசைச்சாங்க. அவ்வளவுதான். தடதடன்னு பெஞ்சு சாயுது, ஒட்டுமொத்த வகுப்பும் பெட்டி மேல. உள்ள கை, கை மேல கை.

"பசங்களா, தள்ளுங்க"ன்னாங்க ஆபீசர் மேடம். "டீச்சர் செஞ்சு காட்டட்டும். அப்புறம் நீங்க."

ஒரு கை கூட வெளிய வரல.

"சொல்றேன்ல? கையை எடுங்க."

அப்பதான் கண்ணாடிப் பையன் சொன்னான், "மேடம், டீச்சருக்குக் கையில புண்ணு."

அதே நேரத்துல குட்டை முடிப் பொண்ணு, "டீச்சருக்கு ஜலதோஷம் மேடம், தண்ணில கை வைக்கக் கூடாது!"

அதே நேரத்துல சந்தேகம், "டீச்சர் நேத்தே தொட்டுட்டாங்க மேடம்! நான் பாத்தேன்! நிறைய தொட்டாங்க!"

மூணு பொய்யும் நடு ரோட்ல மூணு வண்டி மோதிக்கிட்ட மாதிரி மோதிக்கிச்சு. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க.

"உனக்கும் தெரியுமா?"ன்னு குட்டை முடி கண்ணாடியைக் கேட்டுச்சு.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியுமே!"ன்னு பின்னாடிலேருந்து ஒண்ணு. "எனக்கும்!" "எனக்கு ரெண்டாங்கிளாஸ்லயே தெரியும்!"

அக்கா குரல் சின்னதாயிடுச்சு. "என்ன தெரியும் உங்களுக்கு?"

 எல்லாத் தலையும் மெதுவா கதவுப் பக்கம் திரும்புச்சு. என் பக்கத்துல மாமா. மனுஷன் கதவுக்குப் பின்னாடி ஒளியப் பாக்கறார், மாவுக்கட்டு உள்ள போகல.

"சலூன் மாமா!" சந்தேகத்துக்குக் கோவம் வந்துடுச்சு, கண்ணுல தண்ணி முட்டுது. "எனக்கு மட்டும்தான் சொல்றேன்னு சொன்னீங்க! உலகத்துல வேற யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க!"

"என்கிட்டயும் அதேதான் சொன்னாரு! சத்தியம் எல்லாம் வாங்கினாரு!"

"ஏமாத்திட்டீங்க மாமா!"

அக்கா திரும்பிப் பாத்த பார்வைல மழை நின்னிருக்கணும், எப்படி நிக்கலைன்னு தெரியல.

"என்னங்க இது?"

"அது வந்து..." மாமா ஆபீசர் மேடத்தைப் பாத்து வணக்கம் வேற வச்சார், இடது கையால. "காதுகிட்ட கத்தரி போகும்போது புள்ள தலையை ஆட்டிடும்மா. மிட்டாய் குடுத்தா தின்னுட்டு மறுபடி ஆட்டும். ரகசியம் ஒண்ணு சொன்னா மட்டும் மூச்சு கூட விடாம உக்காந்திருக்கும். உங்க டீச்சரே புழுன்னா அலறுவாங்க, ஆனாலும் உங்களுக்காக தினமும் எடுத்துட்டு வராங்க, நீ ஒரு கத்தரிக்குப் போய் அழறியான்னு... காதோட சொல்லுவேன்."

"வேற ரகசியமே கிடைக்கலையா உங்களுக்கு?"

"என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே!"

மத்த டீச்சர்ங்க சிரிச்சுட்டாங்க. அக்கா சிரிக்கல. அக்கா பெட்டியைப் பாத்தாங்க. இன்னும் அந்தக் கைங்க அங்கேயே இருந்துச்சு. மண்ணுல பாதி புதைஞ்சு, விரல்ல புழு சுத்திட்டிருக்கு, எடுக்கல. ஒவ்வொண்ணும் தனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சு, ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடாம, வருஷம் முழுக்க டீச்சரைக் காப்பாத்திட்டிருந்த கைங்க. பெருமைப்பட்டாங்களே, கேக்கறதுக்கு முன்னாடி நீளுதுன்னு? அதுதான் இது.

"மேடம்"ன்னு அக்கா திரும்பினாங்க. குரல் பழையபடி கணீர்னு இருந்துச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். "எனக்கு மண்புழுன்னா பயம். தொட்டதே இல்ல. இன்னிக்கும் தொட முடியும்னு தோணல."

ஆபீசர் மேடம் மூஞ்சில ஒண்ணும் தெரியல. "அப்ப இவங்க எப்படி எடுப்பாங்க உங்க பாடத்தை?"ன்னு மத்த டீச்சர்ங்களைக் காட்டினாங்க. "தொடாமலே எப்படி சொல்லிக் குடுக்கறது?"

அதுக்கு அக்கா பதில் யோசிக்கறதுக்குள்ள குட்டை முடி வந்து அக்காவோட புடவையைப் புடிச்சு இழுத்துச்சு.

"டீச்சர், பயமா இருந்தா வேடிக்கை பெஞ்சுக்குப் போகணும். சட்டம்."

"என்னம்மா?"

"யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க. போங்க டீச்சர். யாரும் சிரிக்க மாட்டோம்." பின்னாடி திரும்பி மத்த டீச்சர்ங்களை ஒரு முறை முறைச்சுச்சு. "அவங்களும் சிரிக்கக் கூடாது."

அக்கா போனாங்க. அந்தக் குட்டி பெஞ்சுல, முழங்கால் நெஞ்சுக்கு வர மாதிரி உக்காந்தாங்க. உக்காந்த உடனே, சுவத்து ஓரத்துலேருந்து நாற்காலி கிரீச்சுன்னுச்சு. மீசை சார் எந்திரிச்சு நிக்கறார். ஆபீசர் மேடம் பாக்கறாங்க. அவர் தொண்டையைக் கனைச்சார்.

"மேடம், நானும் அங்க... காலைலேருந்து எப்படிடா சொல்றதுன்னு பாத்துட்டிருந்தேன்."

அவ்வளவு பெரிய ஆளு போய் அக்கா பக்கத்துல உக்காந்தார். பெஞ்சு அழுதுச்சு. யாரும் சிரிக்கல. குட்டை முடி ரெண்டு பேர் கையிலயும் விறைப்பான பேப்பர் ஒண்ணு ஒண்ணு குடுத்து, "ரெண்டு ஓரத்தையும் புடிங்க. தூக்கிப் புடிங்க. காதை அடில வைங்க. பேப்பர் நடுவுல இருக்கு, உங்க மேல படாது"ன்னு அக்கா எப்படிச் சொல்லுவாங்களோ அதே இழுப்புல சொல்லுச்சு.

கண்ணாடிப் பையன் மண்ணை எப்படிக் கிளறணும்னு சுத்தி நின்ன டீச்சர்ங்களுக்குக் காட்டினான், விரலைச் சேர்த்து, பக்கவாட்டுல, கரண்டி மாதிரி. சந்தேகம் அந்தக் கனமான புழுவை உள்ளங்கைல எடுத்துட்டு பெஞ்சுகிட்ட வந்தான். இன்னும் மூக்கை உறிஞ்சிட்டுத்தான் இருந்தான்.

"விடட்டுமா டீச்சர்?"

அக்கா கண்ணை மூடினாங்க. அப்புறம் தொறந்தாங்க. "விடு."

சந்தேகம் புழுவைப் பேப்பர் நடுவுல விட்டான்.  மழை கூட அப்ப கொஞ்சம் அடங்கிச்சு. அக்கா தலையைச் சாய்ச்சு, காதை அடில வச்சு, அப்படியே இருந்தாங்க. ரொம்ப நேரம். அவங்க முகம் மாறுச்சு பாருங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல எனக்கு. யாரோ பக்கத்து ரூம்ல பேசறதைக் கேக்கற மாதிரி.

"என்ன சத்தம் டீச்சர்?" சந்தேகத்தால தாங்க முடியல. "கிளாசுக்குச் சொல்லணும்."

"சர்... சர்... சர்ன்னு," அக்கா மெதுவாச் சொன்னாங்க. "உங்க மாமா சலூன்ல முடி பெருக்கற மாதிரி. தூரத்துல."

பக்கத்துல மீசை சார், "எனக்கும் கேக்குது! எனக்கும் கேக்குது!"ன்னு மூணாங்கிளாஸ் பையன் மாதிரியே கத்தினார்.

ஆபீசர் மேடம் அன்னிக்குப் போறப்ப சொன்னது இவ்வளவுதான்: "பெட்டி இருக்கட்டும். மத்த ஸ்கூலுக்கும் பெட்டி குடுக்கும்போது கூடவே அந்த பெஞ்சையும் போடச் சொல்லணும். அப்புறம், பாக்கெட்ல போட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ஒரு சட்டம் சேர்த்துக்கோங்க."

வீட்ல என்ன நடந்துச்சுன்னா, அக்கா மாமாகிட்ட பேசல. ரொட்டியும் சூப்பும் வச்சாங்க, தட்டை டொக்குன்னு வச்சாங்க. மாமா இடது கையால ரொட்டியைப் பிச்சுட்டே, "கொஞ்சம் உப்பு"ன்னார். அக்கா என்னைப் பாத்து, "ஜூஸு, டாக்டர் கட்டுப் போட்ட இடம் தப்புன்னு சொல்லு. வாய்ல போட்டிருக்கணும்"ன்னாங்க. மாமா சிரிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு உப்பு அவர் பக்கம் நகர்ந்துச்சு.

ஆனா அக்காவுக்கு வேற ஒண்ணு குடையுது. பெட்டி தப்பிச்சுடுச்சு, பேரு தப்பிச்சுடுச்சு, அதெல்லாம் சரி. "அப்ப அவங்களுக்குப் புழு புடிச்சதே இல்லையா ஜூஸு? எனக்காகத்தான் கையை விட்டாங்களா? எத்தனை புள்ளைங்களுக்கு உள்ளுக்குள்ள என்னை மாதிரியே இருந்துச்சோ? நான் பயம் போயிடுச்சுன்னு பீத்திட்டிருந்தேன், அவங்க பயத்தோடவே தொட்டுட்டிருந்திருந்தா?"

"முதல் நாள் உனக்காகத் தொட்டிருப்பாங்க"ன்னார் மாமா. "தினமும் யாராவது அடுத்தவங்களுக்காகத் தொடுவாங்களா? தலை எது வாலு எதுன்னு அடிச்சுக்கறாங்களே, அதுவும் உனக்காகவா?"

"நீங்க பேசாதீங்க."

ரெண்டு நாள் கழிச்சு மழை விட்டுச்சு. ஸ்கூல் விட்டப்புறம், பெட்டி இப்ப கிளாஸ்லயே இருக்கறதால, நான் பழத்தோல் பையை அங்க எடுத்துட்டுப் போனேன், அக்கா கிளாஸ் ஜன்னல்ல நின்னுட்டிருந்தாங்க. வெளிய சிமெண்ட் நடைபாதை முழுக்க மழைக்கு வெளிய வந்த புழுங்க. பசங்க எல்லாம் போயாச்சு. சந்தேகம் மட்டும் தனியா, பை முதுகுல, கேட்டைப் பாத்து நடக்கறான். நடுவுல நின்னான். கீழ பாத்தான். வெயில் பட்டு ஓரமா காய ஆரம்பிச்ச இடத்துல ஒரு புழு.

கையை நீட்டினான். நீட்டின கையைத் திருப்பிப் பாத்தான், காஞ்சிருக்கு. பக்கத்துல குட்டைல ரெண்டு கையையும் முக்கி உதறினான். அப்புறம் எடுத்து, புல்லு ஓரமா மண்ணுல விட்டு, அது உள்ள போற வரைக்கும் குந்தி உக்காந்து பாத்துட்டு, எந்திரிச்சுப் போனான். அடுத்தது கண்ணுல பட்டுச்சு, மறுபடி குட்டைக்குத் திரும்பினான்.

அக்கா ஜன்னல் கம்பியை விடவே இல்ல.

"பாத்தீங்களாக்கா? உங்களுக்காக இல்ல. யாருமே பாக்கல அவனை."

"நான் பாத்துட்டிருக்கேனே."

"அது அவனுக்குத் தெரியாதே!"

"ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பின மாதிரி இருந்துச்சு ஜூஸு."

இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குள்ள இதுதான் சண்டை. அக்கா திரும்பினான்ங்கறாங்க, மாமா அவன் திரும்பினாலும் பரவாயில்லங்கறார். நான் பக்கத்துலயேதான் நின்னேன், அவன் தலை குனிஞ்சது குனிஞ்சபடியே இருந்துச்சு, அடிச்சுச் சொல்வேன். இவ்வளவும் கேட்டீங்கல்ல, நீங்க சொல்லுங்க, அவன் ஜன்னல் பக்கம் பாத்திருப்பான்னா நினைக்கறீங்க?